சங்குக்கு ஒன்று, இரண்டு யாருக்கு?

2024 செப்டம்பர் 5ஆம் திகதி, வியாழக்கிழமை காலை. பாடசாலைக்குப் புறப்பட்டுப் படலை வரை போன அக்கா திரும்பி வந்தாள். "தம்பி, கட்சி சஜித்துக்குப் போடச் சொல்கிறது. கட்சி ஆள் ஒருவர் சங்குச் சின்னத்தில் நிற்கிறார். நான் இன்றைக்கு எதற்குப் போட?"

அக்கா ஆசிரியை; தேர்தல் கடமைக்குப் போகிறவள். அவளைப் போன்றவர்களுக்கான தபால்மூல வாக்களிப்பு முதல்நாள்தான் தொடங்கியிருந்தது. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு வவுனியாவில் கூடி, ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவெடுத்தது செப்டம்பர் 1ஆம் திகதி. ஞாயிற்றுக்கிழமை முடிவு, புதன்கிழமை வாக்களிப்பு. 1949இல் தொடங்கிய கட்சி தன் மக்களுக்கு யோசிக்கக் கொடுத்த அவகாசம் அவ்வளவுதான்.

"இரண்டுக்கும் போடலாம் அக்கா, ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட விருப்பு வாக்கு இருக்கிறதே" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சந்தியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அவள் ஓடிவிட்டாள். அன்று அவள் என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. வாக்கு அவளுடையது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். அவர்கள் மேடைகளில் அடித்துக்கொண்டது வேறு ஒன்றுக்காக.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழரசுக் கட்சியும் டெலோ, புளொட் கட்சிகளும் சேர்ந்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2023 தொடக்கத்தில் உடைந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி தனித்து நிற்கப் போவதாக அறிவித்ததுடன் டெலோவும் புளொட்டும் வேறு வழி பார்த்தன. 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது; சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. ஒரு தமிழ்க் கட்சி தன் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்ததைப் பார்த்து அப்பா அன்று உண்மையாகவே மகிழ்ந்தார். அடுத்த மாதமே விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நிலையில்தான் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. தமிழரசுக் கட்சிக்கு வெளியே இருந்த தமிழ்க் கட்சிகள் பலவும் சிவில் சமூகத்தினரும் சேர்ந்து தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்த உடன்பட்டார்கள். ஓகஸ்ட் 8ஆம் திகதி பாக்கியசெல்வம் அரியநேத்திரனின் பெயர் அறிவிக்கப்பட்டது. மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர், தமிழரசுக் கட்சிக்காரர். சின்னம் சங்கு. கட்சி அவரைத் தன் வேட்பாளர் என்று ஏற்கவில்லை. செப்டம்பர் 1ஆம் திகதிக் கூட்டம் அவரை விலகும்படி கேட்டுவிட்டு, சஜித்துக்கு ஆதரவு என்றது. சிறீதரனோ சங்குக்காக மேடை ஏறினார். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் முன்னணி தேர்தலையே பகிஷ்கரிக்கச் சொன்னது.

இதையெல்லாம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாங்கில் இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வடமராட்சியில் இன்றும் பல ஊர்களில் காலையில் சனசமூக நிலையம் திறந்திருக்கும். மேசையில் உதயன், வலம்புரி, ஈழநாடு. ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அந்த ஓகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் வாசிப்பு பாதியில் நின்றுவிடும். நடுப்பக்கத்துக்கு யாரும் போனதில்லை.

அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் வீட்டு முன் அறையில், தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவின் படம் என் பாட்டனார் காலம் முதல் தொங்குகிறது. கட்சி என்றால் அப்பாவுக்கு வீட்டுச் சின்னம். அதற்கு மேல் கேள்வி இல்லை. "வெல்ல மாட்டாதவருக்குப் போடும் வாக்கு விழலுக்கு இறைத்த நீர். சஜித் வந்தால் மாகாண சபைகளுக்கான பதின்மூன்றாவது திருத்தத்தையாவது கேட்கலாம். சங்கிடம் எதைக் கேட்பது?" என்றார். சித்தப்பா பகிஷ்கரிப்புக்காரர். "சிங்களவர் தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். அதில் எங்களுக்கு என்ன வேலை?" என்பது 2005இலும் அவர் பேச்சு, 2024இலும் அவர் பேச்சு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகன் மட்டும் ஒன்றும் பேசாமல் கரம் விளையாடிக்கொண்டிருந்தான். அவன் அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டிப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் முன்னால் சொல்ல மாட்டான்.

நான் சங்கின் பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்பாவின் கேள்வி சாதாரணமானது அல்ல. வெல்ல முடியாத ஒருவரை எதற்காக நிறுத்துவது? இதற்குச் சங்குக்காரர் மேடைகளில் சொன்ன பதில், தமிழர்கள் ஒரு தேசமாகத் திரண்டு நிற்பதைக் காட்டுவது என்பது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வெங்காயம் விதைக்கிறவனுக்கும் மீன்பிடிக்கப் போகிறவனுக்கும் அது ஒரு பதிலாகப் போய்ச் சேர்ந்ததா என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தமிழ் வாக்குக்கு ஜனாதிபதித் தேர்தலில் என்ன நடந்தது என்பதைத் திரும்பிப் பார்க்காமல் 2024ஐப் பேச முடியாது.

2005 நவம்பரில் எனக்கு இருபத்தொரு வயது. முதன்முதலாக வாக்காளர் அட்டை வந்திருந்தது. புலிகள் விரும்பியது பகிஷ்கரிப்பு. அதை மீறும் துணிவு ஊரில் எவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் பாடசாலைதான் வாக்களிப்பு நிலையம். சைக்கிளில் அதைக் கடந்து போனேன். ஐந்தாம் வகுப்பில் நான் இருந்து படித்த அறையில் மேசைகளை வரிசையாகப் போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒருவரும் இல்லை. ஓர் உத்தியோகத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மிதியை வேகமாக மிதித்தேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் அன்று நூற்றுக்கு 1.21 பேர். நாடு முழுக்க மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் அப்போது பதிவாகியிருந்த வாக்காளர்கள் ஏழு லட்சம். அதற்குப் பின் வந்த ஆண்டுகளை நான் விவரிக்கத் தேவையில்லை. ரணில் வந்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்த வெறும் வகுப்பறையை நினைக்கும்போதெல்லாம், போடாத வாக்கும் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு உறைக்கும். சித்தப்பாவுடன் நான் ஒருநாளும் உடன்பட முடியாதது இதனால்தான்.

2010 ஜனவரியில் போர் முடிந்து எட்டு மாதம். கூட்டமைப்பு சரத் பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது. போரை நடத்திய இராணுவத் தளபதி. அப்பா போய் வாக்களித்தார். வீட்டுக்கு வந்ததும் யாருடனும் பேசாமல் கிணற்றடிக்குப் போனார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் போலத் தலை முழுகினார். துலாக்கொடி ஏறி இறங்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பொன்சேகாவுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் 63.84 வீதம் கிடைத்தது, நாட்டில் தோற்றார். கட்சி சொல்லிவிட்டது என்பதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அன்று கண்டேன். அந்த விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதை வாங்கிக்கொண்டவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

2015இல் கணக்கு சரியாக வந்தது. மைத்திரிபால சிறிசேன நாட்டில் வென்றது 449,072 வாக்கு வித்தியாசத்தில். யாழ்ப்பாண மாவட்டம் மட்டும் அவருக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. பதிலுக்குக் கிடைத்தது, முடிவுக்கு வராத ஓர் அரசியலமைப்பு முயற்சி. சில காணிகள் விடுபட்டன, மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அதையும் மறுக்கக் கூடாது. 2019இல் பல்கலைக்கழக மாணவர்கள் நடுவில் நின்று ஐந்து தமிழ்க் கட்சிகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்து 13 கோரிக்கைகளை எழுதவைத்தார்கள். பிரதான வேட்பாளர் எவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. அப்படியும் யாழ்ப்பாண மாவட்டம் சஜித்துக்கு 83.86 வீதம் கொடுத்தது. அவர் நாட்டில் பதின்மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் கோத்தாபய ராஜபக்சவிடம் தோற்றார்.

இந்த மூன்று தேர்தலிலும் நாங்கள் ஒருவருக்காக வாக்களிக்கவில்லை. ஒருவருக்கு எதிராக வாக்களித்தோம். ராஜபக்ச வரக் கூடாது, அவ்வளவுதான். எதிரே யார் நின்றார் என்பதே இரண்டாம் பட்சம். பயத்தில் போடும் வாக்குக்கு நிபந்தனை வைக்க முடியாது. எங்கள் கட்சித் தலைவர்கள் கொழும்பில் பேரம் பேசப் போனபோது, எதிரே இருந்தவருக்குத் தெரியும், இவர்கள் எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்று.

2024இல் அந்தப் பயம் இல்லை. நாமல் ராஜபக்ச நின்றார். அவர் பெற்றது 2.57 வீதம். ஓகஸ்ட் மாதமே அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போட்டி அநுர குமார திசாநாயக்க, சஜித், ரணில் மூவருக்கும் நடுவில். மூவரில் எவர் வந்தாலும் வானம் இடிந்து விழப்போவதில்லை. இருபது ஆண்டுகளில் முதன்முறையாக எங்கள் வாக்குக்கு அவசரம் இல்லாமல் இருந்தது. பேரம் பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? தமிழரசுக் கட்சி என்ன செய்தது? பழைய சூத்திரத்தையே எடுத்தது. வெல்லக்கூடிய பெரிய கட்சி வேட்பாளரில் நமக்கு நெருக்கமானவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஆதரவு. பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று சஜித் சொல்லியிருந்தார். முப்பத்தேழு ஆண்டுகளாக அரசியலமைப்பில் எழுதியே இருக்கும் ஒன்றை நடைமுறைப்படுத்துவேன் என்ற வாக்குறுதிக்காக ஒரு மக்கள் கூட்டத்தின் முதல் வாக்கைக் கொடுப்பதா? கொடுக்கலாம் என்றால் அதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கினார்களா? மத்திய குழு உறுப்பினர்களிடம் கேட்க எனக்கு வழியில்லை. ஆனால் அக்காவுக்குக் காட்டக்கூடிய ஒரு தாள் எங்கள் ஊருக்கு வரவில்லை.

இங்கேதான் விருப்பு வாக்கு வருகிறது. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள இரண்டாவது, மூன்றாவது விருப்பை எண்ணுவார்கள். 1982 முதல் 2019 வரை அதற்குத் தேவையே வரவில்லை. 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்தில் தப்பினார். அதனால் இந்த ஏற்பாடு ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது; தெரிந்தவர்களும் அதைப் புத்தகத்தில் உள்ள ஒரு வரியாகவே நினைத்தார்கள். ஆனால் மும்முனைப் போட்டி நடக்கும் ஒரு தேர்தலில் அதைவிடக் கனமான வரி கிடையாது. அப்பாவின் விழலுக்கு இறைத்த நீர் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. சங்குக்கு ஒன்று போட்டால் தமிழரின் தலைக்கணக்கு. சஜித்துக்கோ அநுரவுக்கோ இரண்டு போட்டால் வெல்பவரைத் தீர்மானிப்பதிலும் பங்கு. ஒரே சீட்டில் இரண்டும் கிடைக்கும். கட்சி இரண்டாக உடைய வேண்டிய தேவையே இல்லை. முதல் வாக்கு எங்கள் ஆளுக்கு. இரண்டாவது வாக்கு எங்களுடன் எழுத்தில் உடன்படுகிறவருக்கு. இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்புக்குப் போயிருந்தால் மூன்று வேட்பாளர்களில் ஒருவராவது உட்கார்ந்து பேசியிருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, கட்டம் கீறி, மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று செய்தேன். 39 பேர் வேட்புமனு கொடுத்து, ஒருவர் இறந்துபோக 38 பேர் களத்தில் இருந்தார்கள். உண்மையான சீட்டு முழத்துக்கு மேல் நீளம். என் அட்டையில் பத்துக் கட்டம் போதும் என்று விட்டேன். சின்னங்களை அக்கா வரைந்து தந்தாள். சங்கு, சஜித்தின் தொலைபேசி, அநுரவின் திசைகாட்டி, ரணிலின் சிலிண்டர். சனசமூக நிலையத்தில் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் பென்சிலைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எண்பது தாண்டிய ஒரு ஆச்சி பென்சிலை வாங்கிச் சங்குக்கு நேரே ஒரு புள்ளடி போட்டார். அடுத்து தொலைபேசிக்கும் ஒரு புள்ளடி போட்டார். "ஆச்சி, இரண்டு புள்ளடி போட்டால் செல்லாது. இலக்கம் போட வேண்டும்" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இலக்கம் எழுத எனக்குத் தெரியும் தம்பி. யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்று உங்கள் ஆட்களே ஒன்றாக வந்து சொல்லவில்லை. நான் ஏன் மினக்கெட?" என்றார். அறையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. சரியான கேள்விக்குச் சிரிக்க முடியாது.

செப்டம்பர் 21ஆம் திகதி சனிக்கிழமை வாக்களிப்பு அமைதியாக முடிந்தது. இரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். முடிவுகளைப் பார்க்க நாங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டோம். சித்தப்பாவும் மகனும் உட்பட. தொகுதி தொகுதியாக எண்கள் வந்துகொண்டிருந்தன. அம்மா இரண்டாவது முறை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தபோது அப்பா திடீரென்று சொன்னார்: "எண்பத்திரண்டில் நான் குமார் பொன்னம்பலத்துக்குத்தான் போட்டேன்."

வீடு அடங்கிவிட்டது. 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல். தமிழரசுக் கட்சி அப்போது சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி யாரையும் நிறுத்தாமல் ஒதுங்கி நின்றது. தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் தனியாக நின்றார். நாடு முழுக்க 173,934 வாக்குகள், 2.67 வீதம்; யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர்தான் முதலாவது. தமிழரசுக் குடும்பத்துப் பையன் காங்கிரஸ்காரருக்குப் போட்டது பாட்டனாருக்குத் தெரிந்திருந்தால் அப்பா அன்று வீட்டுக்கு வந்திருக்க முடியாது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "வெல்ல மாட்டார் என்று தெரிந்துதான் போட்டேன். ஒரு தமிழன் பெயர் அந்தத் தாளில் இருந்தது. அதைத் தாண்டி வேறு எங்கும் போடக் கை வரவில்லை" என்றார். அந்தக் குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2024இல் பகிஷ்கரிக்கச் சொன்னவர் அவருடைய மகன். தமிழ் அரசியலில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு சுற்று இருக்கிறது.

"அப்படியானால் இந்த முறை ஏன் சங்குக்குப் போடவில்லை?" என்று கேட்டேன். "கட்சி சொல்லவில்லையே" என்றார். அந்தக் குரலில் இருந்த களைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

முடிவுகள் தெரிந்தவைதான். ஆனாலும் அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் சொன்ன கதைகள் எண்களுடன் ஒத்துப்போகவில்லை. அநுர 5,634,915; 42.31 வீதம். சஜித் 4,363,035, 32.76 வீதம். ரணில் 17.27 வீதம். அரியநேத்திரன் 226,343 வாக்குகளுடன் ஐந்தாவது, 1.70 வீதம். ஒருவருக்கும் பாதி வரவில்லை. இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள்.

சங்கு சஜித்தின் வாக்கைப் பிரித்துவிட்டது என்று ஒரு கதை. அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையில் முதல் எண்ணிக்கையில் 1,271,880 வாக்கு வித்தியாசம். சங்குக்கு விழுந்த கடைசி வாக்கு வரை தூக்கிச் சஜித்துக்குக் கொடுத்தாலும் பத்து லட்சத்துக்கு மேல் குறைகிறது. தமிழ்க் கட்சி எந்த முடிவு எடுத்திருந்தாலும் சஜித் வென்றிருக்க மாட்டார். வெல்லக்கூடியவருக்குப் போடுங்கள் என்று சொன்னவர்கள், வெல்லாத ஒருவருக்குத்தான் போடச் சொன்னார்கள். அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. எதிர்காலம் யாருக்கும் தெரியாது. ஆனால் வெற்றி வாய்ப்பு ஒன்றையே அளவுகோலாக வைத்து ஒரு வேட்பாளரைக் கழித்துக்கட்டினால், அந்த அளவுகோல் தவறும்போது கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த செல்லுபடியான சீட்டுகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றில் இருந்து அநுரவுக்குப் போனது 105,264, சஜித்துக்குப் போனது 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. நூறு சீட்டில் எட்டுச் சீட்டு. மற்றவை எல்லாம் வாய் திறக்காமல் ஒதுங்கிவிட்டன. நாடு முழுவதும் யாரும் இரண்டாவது வாக்கைப் பற்றி நினைக்கவில்லை என்று அர்த்தம். அப்படி ஒருவரும் எடுக்காமல் கிடந்த ஒரு கருவியை, எல்லாரையும்விட அதிகம் தேவைப்பட்ட நாங்கள் எடுத்திருக்கலாம். சங்குக்கு ஒன்று என்ற குரல் ஊர் முழுக்கக் கேட்டது. இரண்டாவது பற்றி ஒரே குரலில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

சங்குக்காரர் சொன்ன கதையும் முழுமையானது அல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தில் அரியநேத்திரனுக்கு 116,688, சஜித்துக்கு 121,177. நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். கட்சி இயந்திரம் எதிர்த்து நிற்க, ஆறு வாரத்தில் ஊருக்குள் கொண்டுசெல்லப்பட்ட ஒரு சின்னத்துக்கு அது பெரிய வாக்கு. நான் பெருமைப்பட்டேன். பிறகு மட்டக்களப்பைப் பார்த்தேன். அவருடைய சொந்த மாவட்டம். 36,905; நூற்றுக்குப் பன்னிரண்டு கூட இல்லை; சஜித், ரணில், அநுர மூவருக்கும் பின்னால் நான்காவது. வன்னியில் 36,377. கிழக்கில் இருந்து ஒருவரைத் தெரிவு செய்தால் கிழக்கு தானாக வந்துவிடும் என்று யாழ்ப்பாணத்தில் கூடியவர்கள் நினைத்தார்கள். அந்த மாவட்டத்துத் தமிழரின் நாளாந்தக் கவலை வேறு, அங்குள்ள கட்சிப் பிளவுகள் வேறு. அதை அங்கே போய் இருந்து கேட்டிருக்க வேண்டும். பொது வேட்பாளர் என்று சொல்லிவிட்டு மலையகத் தமிழருடனும் முஸ்லிம்களுடனும் ஒரு சொல் பேசியிருக்க வேண்டும். களத்தில் நின்ற அத்தனை பேரில் ஒரு பெண் கூட இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் உள்ள ஒரு சமூகம், தன் குரலாக ஒருவரை நிறுத்தும்போது அவர்களில் ஒருவரை ஏன் நினைத்துப் பார்க்கவில்லை? வெல்வது நோக்கம் இல்லை என்று ஆன பிறகு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்தான் வேண்டும் என்ற கட்டாயம் என்ன? அரியநேத்திரன் மீது எனக்குக் குறை இல்லை. தன் கட்சியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவரைத் தெரிவு செய்த விதத்தில்தான் என் வருத்தம்.

பொது வேட்பாளரை எதிர்த்தவர்கள் ஓர் எச்சரிக்கை சொன்னார்கள். வாக்குக் குறைந்தால் அது தமிழரின் கோரிக்கைக்கே கேடாக முடியும் என்று. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1.70 வீதம் என்ற எண்ணை இன்று எவரும் எடுத்து வீசலாம். தலைக்கணக்கு எடுக்கப் போகிறவன் எல்லாத் தலையையும் வரவழைத்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். செப்டம்பரில் அநுரவுக்கு 27,086 வாக்கு மட்டுமே கொடுத்த யாழ்ப்பாண மாவட்டம், இரண்டு மாதத்துக்குள் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குக் கொடுத்தது. ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. சுமந்திரன் தோற்றார். சங்குச் சின்னத்தை எடுத்துக்கொண்டு போன கூட்டணிக்கு நாடு முழுக்க 65,000 சொச்சம் வாக்கு, ஒரே ஓர் ஆசனம். செப்டம்பரில் இருந்த இரண்டேகால் லட்சம் எங்கே போனது? சின்னத்தைக் கொண்டுபோனால் வாக்கும் வரும் என்று நினைத்தது பெரிய பிழை. அந்த மக்கள் ஒரு நோக்கத்துக்காக ஒரு நாள் வந்தார்கள். அடுத்த நாள் அவர்களிடம் திரும்பிப் போய்ப் பேச ஒருவரும் இல்லை.

மகன் முறையான அந்தப் பல்கலைக்கழகப் பையனிடம் அப்பா கோபப்படவில்லை. "உங்கள் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்களா?" என்று மட்டும் கேட்டார். "மூன்று முறை வந்தார்கள் பெரியப்பா" என்றான். எங்கள் படலையை அந்த மூன்று மாதத்தில் தமிழரசுக் கட்சிக்காரர் ஒருவரும் திறக்கவில்லை. கட்சிக்குத் தெரியும், அந்த வீட்டில் தந்தை செல்வாவின் படம் இருக்கிறது என்று.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். தமிழரசுக் கட்சி மீண்டும் கடைசி மூன்று வாரத்தில் வவுனியாவில் கூடும் என்றால் இந்தக் கட்டுரையை அப்போதும் அப்படியே போடலாம். யாரை நிறுத்துவது, நிறுத்துவதா இல்லையா, முதல் வாக்கு எதற்கு, இரண்டாவது வாக்கை எந்த உடன்பாட்டுக்குக் கொடுப்பது என்று இப்போதே கிளிநொச்சியிலும் மன்னாரிலும் வாழைச்சேனையிலும் மூதூரிலும் உட்கார்ந்து பேசத் தொடங்க வேண்டும். தலைவரைத் தெரிவு செய்ய 321 பேர் வாக்களித்த கட்சிக்கு, வேட்பாளரைத் தெரிவு செய்யக் கிளைக்குக் கிளை ஒரு பெட்டி வைப்பது பெரிய காரியம் அல்ல. சங்கை நிறுத்திய சிவில் சமூகத்தினரும் தேர்தல் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை, அக்கா மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. நான் அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எதற்குப் போட்டாய் என்று. சிவப்புப் பேனாவைக் கொப்பிக்குள் வைத்து மூடினாள். சங்குக்கு ஒன்று போட்டதாகச் சொன்னாள்.

"இரண்டு?"

"போடவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே தம்பி."